தம்பி பெயரில் ஆடினேன்

என் அம்மாவுக்கு ஒரே மகன் என்று தாசில்தார் ஆபீசில் கொடுத்த வாரிசுச் சான்றிதழ் சொல்கிறது. அதில் பெயர் இருக்கிற மகன் செத்து ஐம்பத்து நாலு வருஷம் ஆகிறது. பெயர் இல்லாத நான்தான் நாலு நாள் அலைந்து அதை வாங்கிக்கொண்டு வந்தேன். அவன் கையெழுத்தையும் நானே போட்டேன். சும்மா சொல்லக்கூடாது, அவன் கையெழுத்து எனக்கு அழகாக வரும்.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பாஸ்கெட்பால் ஆடியவன். ஒரு பெரிய டிபார்ட்மென்ட் டீமுக்குப் பதினைந்து வருஷம் ஆடினேன். ஆடியதற்காகவே அங்கே வேலை கொடுத்தார்கள். ஆட்டம் முடிந்த பிறகும் அதே நாற்காலியில் உட்கார்ந்து ஃபைல் பார்த்து, போன வருஷம் ரிட்டையர் ஆனேன். அத்தனையும் என் தம்பியின் பெயரில், அவன் பிறந்த தேதியில். எனக்கு அறுபத்திரண்டு முடிந்திருந்தது. அவனுக்கு அறுபது என்று மாலை போட்டு அனுப்பி வைத்தார்கள்.

என் மனைவிக்கு இதையெல்லாம் எழுதுவது பிடிக்கவில்லை. எவனாவது படித்துவிட்டு மொட்டைக் கடுதாசி போட்டால் பென்ஷன் போச்சு என்கிறாள். ஊர்ப் பெயரைத் தவிர ஒரு பெயரும் எழுதமாட்டேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். நான் சத்தியத்தைக் காப்பாற்றுகிற லட்சணம் எனக்குத் தெரியும், கடைசியில் உங்களுக்கும் தெரியும். ஆனாலும் இதைக் காப்பாற்றுவேன்.

எங்கள் ஊர் வையம்பட்டி பக்கம். வானம் பார்த்த பூமி. கடலை போடுவோம், சோளம் போடுவோம், மழை வந்தால் வீட்டுக்கு ஏதாவது வரும். எனக்கு எட்டு வயது, தம்பிக்கு ஆறு. வீட்டில் நான் பெரியவன், அவன் சின்னவன். இரண்டு பேரும் ஒரே பாயில் படுப்போம். அவன் காலைத் தூக்கி என் வயிற்றில் போடுவான், நான் கிள்ளுவேன், அவன் அழுவான், அம்மா என்னை அடிப்பாள். இதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் நடந்த முழு வாழ்க்கை.

ஒரு மாசி மாதத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் கண் சொருகிக் கையும் காலும் இழுக்க ஆரம்பித்தது. மாட்டு வண்டி கட்டி மணப்பாறை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். பாதி வழியிலேயே முடிந்துவிட்டது. வண்டியை அப்படியே திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலையே பார்க்காத பிள்ளைக்கு எந்த ஆபீசில் போய் யார் எழுதி வைப்பது? பிறந்ததை எழுதி வைத்தார் அப்பா. செத்ததை எழுதவில்லை. அவருக்கு அதை வாய்விட்டுச் சொல்லவே இரண்டு மூன்று வருஷம் ஆனது.

அடுத்த வருஷமே ஊரை விட்டுவிட்டு எடமலைப்பட்டி புதூருக்கு வந்துவிட்டோம். அப்பா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். சின்னப் பிள்ளைக்குத் திதி கொடுக்கிற வழக்கம் இல்லை என்று யாரோ அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தானாகவே ஒரு முறை வைத்துக்கொண்டாள். அவன் போன நாளில் வெல்லப் பணியாரம் சுடுவாள், அவனுக்கு அது உயிர். ஓர் இலையில் ஆறு பணியாரம் வைப்பாள், பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். வாசல் கதவை விரியத் திறந்து வைத்து, வாசலைப் பார்த்து அவன் பெயரைச் சொல்லி மூன்று தரம் கூப்பிடுவாள். சாப்பிட வாடா என்பாள். தெருவில் விளையாடப் போன பிள்ளையைக் கூப்பிடுகிற அதே குரல், கொஞ்சம் கோபம்கூட இருக்கும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கதவைச் சாத்துவாள். அதுவரை அப்பாவும் நானும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்போம்.

பதினாலு வயதில் நான் திடீரென்று வளர்ந்தேன். ஒரே வருஷத்தில் நிலைப்படி தலையில் இடிக்க ஆரம்பித்தது. நெற்றியில் எப்போதும் ஒரு வீக்கம். படிப்பு சுமார்தான், பொய் சொல்வானேன். அந்த நேரத்தில் டவுனில் ஹாஸ்டலோடு இருந்த ஒரு ஸ்கூலின் பி.டி. மாஸ்டர் என்னைப் பார்த்துவிட்டார். அப்பாவை வரச்சொல்லிப் பேசினார். ஸ்கூலில் சேர்த்துக்கொள்கிறோம், சாப்பாடு, துணி, ஷூ எல்லாம் எங்கள் பொறுப்பு, பையன் பந்து ஆடினால் போதும் என்றார். ஒரே ஒரு குறை. வயது இரண்டு கூடிப்போச்சு. இரண்டு வயது கம்மியாக இருந்தால் ஜூனியர் ஸ்டேட் டீமில் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவார்கள். எல்லாரும் செய்கிறதுதான், ஒரு சான்றிதழ் ரெடி பண்ணிக் கொண்டுவாருங்கள் என்று அனுப்பி வைத்தார்.

எல்லாரும் செய்கிறதுதான். அது பொய்யில்லை. என்னோடு ஆடியவர்களில் பாதிப் பேருக்கு உண்மையான வயது அவனவன் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். பேப்பர் வயசு என்ன, ஒரிஜினல் வயசு என்ன என்று நாங்கள் வெளிப்படையாகவே கேட்டுக்கொள்வோம். ஆனால் என் அப்பா இருக்கிறாரே, அவர் வேறு மாதிரி. கள்ளச் சான்றிதழ் என்றதும் அவருக்கு உதறல் எடுத்துவிட்டது. பொய்யாக எழுதி வாங்கினால் போலீஸ் பிடிக்கும் என்றார். இரண்டு நாள் சாப்பிடாமல் யோசித்தார். பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தார். பொய்யே இல்லாத, முத்திரை குத்திய, உண்மையான சான்றிதழ் ஒன்று அதிலேயே இருந்தது. என்னைவிட இரண்டு வயது சின்னவனுடையது.

அம்மா அடுப்படியில் இருந்தாள். அப்பா அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் சொன்னார்.

“அவன்தான் எடுத்துக்கிட்டுப் போகலையே. இவனுக்காவது உதவட்டும்.”

அம்மா அழவில்லை, சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். வீட்டுக்குள் என்னை யாரும் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்றாள். அப்பா தலையை ஆட்டினார். எனக்கு அப்போது இதெல்லாம் பெரிய விஷயமாகவே தெரியவில்லை. புது ஷூ கிடைக்கப் போகிறது, அது என்ன கலர் என்பதுதான் என் கவலை.

ஹாஸ்டலில் முதல் நாலு நாள் எனக்கு ஆப்சென்ட். தினமும் காலையில் பெயர் கூப்பிடுவார்கள், நான் மரம் மாதிரி நின்றுகொண்டிருப்பேன். ஐந்தாம் நாள் வார்டன் பின்மண்டையில் ஒன்று வைத்தார். அதற்குப் பிறகு பழகிவிட்டது. தூக்கத்தில் கூப்பிட்டாலும் எழுந்துவிடுவேன். கோர்ட்டில் பாஸ் வேண்டுமென்றால் அந்தப் பெயரைக் கத்துவார்கள். திட்டுவதற்கும் அதுதான், பாராட்டுவதற்கும் அதுதான். இரண்டு வருஷத்தில் என் பழைய பெயரை யாராவது சொன்னால் நான்கூட யாரோ என்று திரும்பிப் பார்த்திருப்பேன்.

அந்த இரண்டாவது வருஷத்து மாசி மாதத்தில் காய்ச்சலுக்காக மூன்று நாள் லீவு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். உள் அறையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தேன். என்ன நாள் என்றே எனக்கு ஞாபகம் இல்லை, பாவி. தூக்கத்தில் யாரோ என் பெயரைக் கூப்பிடுவது கேட்டது. ஒரு தரம், இரண்டு தரம். சாப்பிட வாடா என்று கேட்டது. துள்ளி எழுந்து, “இதோ வந்துட்டேன்மா” என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தேன்.

அம்மா வாசலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். கையில் தண்ணீர் டம்ளர். அவள் பார்த்த பக்கத்திலிருந்து யாரும் வரவில்லை, நான் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தேன். திரும்பி என்னைப் பார்த்தாள். மூன்றாம் தரம் கூப்பிட வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். அந்த முகத்தை நான் யாருக்கும் வர்ணிக்கப் போவதில்லை. எனக்கே வைத்துக்கொள்கிறேன்.

பிறகு இலையை என் முன்னால் நகர்த்தி, சாப்பிடு என்றாள். நான் சாப்பிட்டேன். காய்ச்சல் விட்ட பசி, பதினாறு வயது. ஆறு பணியாரத்தையும் சாப்பிட்டுவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். இப்போது நினைத்தாலும் அந்த நாக்கை அறுத்துப் போடலாம் போல இருக்கிறது.

அடுத்த வருஷமும் இலை போட்டாள், பணியாரம் வைத்தாள், கதவைத் திறந்து வைத்தாள். ஆனால் கூப்பிடவில்லை. வாசலைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு எந்த வருஷமும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் நான்தான் வருவேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஆட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இவன் உண்மையிலேயே ஆடினானா என்று கேட்பீர்கள். நான் போர்டுக்குக் கீழே நிற்கிற ஆள். பந்து கூடைக்குள் விழாமல் வளையத்தில் பட்டுத் திரும்பினால், அதை எல்லாருக்கும் முன்னால் எகிறிப் பிடிக்க வேண்டும். மற்றவர்கள் கோட்டைவிட்டதுதான் எனக்குப் பிழைப்பு. இடுப்பில் முட்டுவார்கள், முழங்கையால் முகத்தில் இடிப்பார்கள். இரண்டு பல் போனது, மூக்கு ஒரு தரம் உடைந்தது. எங்கள் சிமென்ட் கோர்ட்டில் விழுந்தால் முட்டித் தோல் அங்கேயே இருக்கும். முதல் முறையாக வடக்கே போய் மரத் தரை போட்ட ஸ்டேடியத்தில் ஆடியபோது, விழுந்தும் ரத்தம் வராததைப் பார்த்து எனக்கே ஆச்சரியமாக இருந்தது. காலையில் ஆபீஸ், மூன்று மணிக்கு பிராக்டிஸுக்குக் கிளம்பலாம். பக்கத்து சீட்டுக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல், பந்து உருட்டுகிறவன் என்பார்கள். என் வாய் சும்மா இருக்காது. நீங்கள் ஃபைலை உருட்டுகிறீர்கள், அதுவாவது நகர்கிறதா என்று கேட்பேன்.

ஒவ்வொரு வருஷமும் திருச்சியில் ஒரு டோர்னமென்ட் நடக்கும். வெளியூர் டீமெல்லாம் வரும். சவுக்குக் கட்டை கட்டி கேலரி போட்டிருப்பார்கள், மைக் செட் வைத்திருப்பார்கள். சொந்த ஊர்க்காரன் என்று எனக்குத் தனிக் கைதட்டல். ஒரு தடவை அப்பா வந்தார். முதல் பாதி முடிவதற்குள் எழுந்து போய்விட்டார். ஏன் என்று கேட்டேன், வெயில் என்றார். ஆட்டம் நடந்தது சாயங்காலம் ஆறு மணிக்கு. அதற்குப் பிறகு அவர் வரவில்லை. நான் வேலையில் சேர்ந்து ஒன்பது வருஷம் கழித்து மார்க்கெட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், போய்விட்டார். அம்மா என்னோடு ஸ்ரீரங்கத்துக்கு வந்துவிட்டாள்.

அம்மா ஒரு தரம்கூட என் ஆட்டத்தைப் பார்க்க வந்ததில்லை. பதினைந்து வருஷம், ஒரு தரம்கூட. ஒவ்வொரு வருஷமும் கூப்பிடுவேன். மாவு அரைக்கணும் என்பாள், காலில் வலி என்பாள், உங்க பந்தாட்டம் எனக்கு என்னடா புரியும் என்பாள். மற்ற பையன்களுடைய அம்மாக்கள் பிளாஸ்டிக் கூடையில் தண்ணீரும் முறுக்கும் கொண்டுவந்து உட்கார்ந்திருப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் வேர்வையைத் துடைத்துவிடுவார்கள், கண்ணு பட்டுடும் என்று நெட்டி முறிப்பார்கள். நான் ஆறரை அடி ஆள், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். வெளியே சொன்னால் வெட்கம், ஆனால் எனக்கு அது வேண்டியிருந்தது. ரொம்ப வேண்டியிருந்தது.

கடைசி வருஷம் முட்டி போய்விட்டது. கோச் விடவில்லை. முப்பத்திநாலுதானே ஆகுது, இன்னும் ரெண்டு வருஷம் ஆடலாமே என்றார். அவர் சொன்ன அந்த ரெண்டு வருஷம் ஏற்கெனவே என் முட்டிக்குள் போயிருந்தது. அவரிடம் அதைச் சொல்ல முடியுமா? திருச்சி டோர்னமென்டோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மனைவி அப்போது பிரசவத்துக்கு ஜீயபுரத்தில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். வீட்டில் நானும் அம்மாவும்தான். கடைசி ஆட்டம், நீ வாம்மா என்றேன். பார்க்கலாம் என்றாள். அந்தப் பார்க்கலாம் எனக்குத் தெரியும். மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. செத்துப்போனவனுக்கு வருஷா வருஷம் இலை போடத் தெரிகிறது, உயிரோடு இருக்கிறவனை ஒரு தடவை வந்து பார்க்கத் தெரியவில்லையா என்று கத்தினேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே காதில் விழுந்தது.

அம்மா அரிவாள்மணையில் கீரை நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்குவதை நிறுத்தவில்லை.

“அங்க எல்லாரும் அவன் பேரைச் சொல்லிக் கத்துறாங்கன்னு உங்கப்பா வந்து அழுதாருடா. நான் எப்படி அதை உக்காந்து கேக்குறது?”

பதினைந்து வருஷம் கேட்டு வாங்காத பதில் ஒரு நிமிஷத்தில் கிடைத்துவிட்டது. எனக்கு அவ்வளவு நாள் இது தோன்றவே இல்லை. அம்மாவுக்கு என் டவுசர் பிடிக்கவில்லை, திருட்டுத்தனம் பிடிக்கவில்லை, என்னையே பிடிக்கவில்லை என்றெல்லாம் நினைத்திருக்கிறேன். அந்தப் பெயர் எனக்குத் தேய்ந்துபோன ஷூ. அவளுக்கு அது அப்படியே இருந்தது.

அப்படியென்றால் யாரும் அந்தப் பெயரைச் சொல்லாமல் பார்த்துக்கொள்கிறேன், வருவாயா என்று கேட்டேன். நம்பாமல் பார்த்தாள். இரண்டு நாள் கழித்து, சாப்பாடு போடும்போது அவளாகவே கேட்டாள். சொல்ல மாட்டாங்களா என்றாள். மாட்டார்கள் என்றேன். சத்தியமா என்றாள். அவள் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். சரி, வரேன் என்றாள்.

மறுநாளே மைக்காரரைப் போய்ப் பார்த்தேன். இந்த ஆட்டத்துக்கு மட்டும் என் பெயரைச் சொல்லாமல் பதினொன்றாம் நம்பர் என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். ஏன் என்றார். ஜோசியர் சொன்னார் என்றேன். நம் ஊரில் ஜோசியர் என்றால் மறுகேள்வி கிடையாது. டீம் பையன்களிடமும் அதையே சொன்னேன். பாஸ் வேண்டுமானால் பதினொண்ணு என்று கூப்பிடுங்கள் என்றேன். ஒருத்தனும் சிரிக்கவில்லை. அவனவன் இடது கால் ஷூவை முதலில் போட்டுக்கொண்டுதான் கோர்ட்டுக்கு வருகிறவன், அவனுக்கென்ன சிரிப்பு? எல்லாரிடமும் சொல்லி முடித்துவிட்டேன் என்று நினைத்தேன். கேலரியிடம் யார் போய்ச் சொல்வது என்று என் மரமண்டைக்கு எட்டவில்லை.

அம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கூடை, அதில் தண்ணீர் பாட்டிலும் முறுக்கும். இரண்டாவது வரிசையில் ஓரமாக உட்கார வைத்தேன். பிடிக்கவில்லை என்றால் எழுந்து போகிற மாதிரி இடம். ஸ்ரீரங்கம் பஸ் எங்கே நிற்கும் என்றுகூடச் சொல்லி வைத்தேன்.

ஆட்டத்தைக் கேட்காதீர்கள், அவ்வளவு மோசம். கண் பந்தில் இல்லை, இரண்டாவது வரிசையில் இருந்தது. வளையத்துக்குப் பக்கத்தில் நின்று போட வேண்டிய இரண்டு பந்தை விட்டேன். கோச் வாய்க்கு வந்ததைத் திட்டினார். ஆனால் மைக்காரர் சொன்ன சொல் தவறவில்லை. பதினொன்றாம் நம்பர், பதினொன்றாம் நம்பர் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பையன்களும் பதினொண்ணு, பதினொண்ணு என்றே கூப்பிட்டார்கள். இரண்டாம் பாதியில் ஒரு பந்து வளையத்தில் பட்டு எகிறியது. மூன்று பேருக்கு மேலே எழும்பிப் பிடித்து, கீழே இறங்காமல் அப்படியே கூடைக்குள் தட்டிவிட்டேன். திரும்பிப் பார்த்தேன். அம்மா பக்கத்துப் பெண்மணியிடம் என்னைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். சிரித்தாள். என் அம்மா சிரித்தாள். போதும், இதற்காகத்தான் இவ்வளவு வருஷம் ஆடினேன் என்று அந்த நிமிஷத்தில் தோன்றியது.

அதோடு என்னை வெளியே இழுத்திருக்கலாம் கோச். மூன்று நிமிஷம் மீதி இருக்கும்போதுதான் கையைக் காட்டினார். நான் கோட்டைத் தாண்டி வெளியே வந்தேன். பதினொன்றாம் நம்பர் விடைபெறுகிறார் என்று மைக்காரர் சொன்னார். கேலரி எழுந்து நின்றது. மூலையில் எவனோ ஒருத்தன் ஆரம்பித்தான். அந்தப் பெயர். அப்புறம் பத்துப் பேர். அப்புறம் எல்லாரும். கையைத் தட்டிக்கொண்டு, கட்டையைக் காலால் உதைத்துக்கொண்டு, அந்தப் பெயரையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். நிறுத்துங்கள் என்று இரண்டு கையையும் ஆட்டினேன். நன்றி சொல்கிறேன் என்று நினைத்து இன்னும் பலமாகக் கத்தினார்கள்.

அம்மாவைப் பார்த்தேன். அவளும் எழுந்து நின்றிருந்தாள். போகப்போகிறாள் என்று நினைத்தேன். போகவில்லை. என்னையும் பார்க்கவில்லை. ஜனங்கள் உள்ளே வருகிற கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சத்தம் அடங்குகிறவரை கேட்டையே பார்த்தாள். அடங்கிய பிறகு, சேலையைச் சரிசெய்துகொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். எல்லாரும் வந்து முதுகில் தட்டினார்கள். கடைசி ஆட்டம், அழுகை வரத்தான் செய்யும் என்றார்கள்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே வந்தோம். என் பையை நான் எவ்வளவு கேட்டும் தரவில்லை, அவளே தூக்கிக்கொண்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். காவேரிப் பாலத்தில் பஸ் ஏறியபோது, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே அவள்தான் பேசினாள்.

“நான் ஒருத்தி கூப்பிட்டா கேக்கலையோ என்னவோன்னு நெனைச்சிக்கிட்டிருந்தேன். இத்தனை பேரு கூப்பிட்டாங்களேடா. வரலையே.”

கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டார். சில்லறை எடுக்க எனக்குக் கை வரவில்லை. அம்மாதான் கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பிறகு என் காலைப் பார்த்து, முட்டி வலிக்குதா பெரியவனே என்று கேட்டாள். இல்லை என்றேன்.

அடுத்த மாசியில் அந்த நாள் வந்தது. இப்போது எனக்கு அந்த நாள் மறப்பதில்லை. பெண் குழந்தை பிறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது, மனைவி அதற்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அடுப்படியில் பணியாரம் சுடுகிற வாசனை வந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு, இலை வாங்கிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். அம்மா பணியாரக் கல்லிலிருந்து தலையைத் தூக்கவில்லை. வேண்டாம் என்றாள். பழைய இலை ஏதாவது இருக்கிறதா என்று அடுப்படி முழுக்கத் தேடினேன், இல்லை. தண்ணீர் டம்ளரும் எடுத்து வைக்கவில்லை.

ஒரு எவர்சில்வர் தட்டில் ஆறு பணியாரம் வைத்து என் கையில் கொடுத்தாள்.

“இனிமே வரமாட்டான்டா. நீ சாப்பிடு.”

இருபத்தாறு வருஷமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. அம்மா ஒரு தடவை வந்து என்னைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், வந்தாள், பார்த்தாள். அவள் கையில் மிச்சம் இருந்த ஒன்றே ஒன்றையும் அன்றைக்கு நான் பிடுங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகும் அவள் ரொம்ப வருஷம் இருந்தாள், பேத்தியைத் தூக்கி வளர்த்தாள், சிரித்தாள், சண்டை போட்டாள். இலை மட்டும் போடவே இல்லை.

அன்றைக்குத் தட்டை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அம்மா போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். நான் சாப்பிட்டேன்.